அலசினாப் போதும்

கறுப்பு பிளாஸ்டிக் கப்பை எங்கே பார்த்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மோதிரம் போட்ட ஒரு கை. எங்கள் அலுவலகத்தின் பின்பக்கக் குழாயடியில் என் மேலதிகாரி நிற்கிறார். சட்டையில் தண்ணீர் தெறித்துவிடாமல் உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொண்டு, விளிம்பில் கம்பி வளையம் மாட்டிய ஒரு கறுப்புக் கப்பில் கொஞ்சம் தண்ணீர் பிடிக்கிறார். வலப்பக்கம் ஒரு சுழற்று, இடப்பக்கம் ஒரு சுழற்று. தண்ணீரைக் கொட்டிவிட்டு என் கையில் கொடுக்கிறார். "அம்புட்டுத்தாம்மா. அலசினாப் போதும். இதுக்குப் போய் நார் வேணும், வெந்நி வேணும்னுக்கிட்டு இருக்க." பிறகு கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொள்கிறார். நான் பார்த்த கைகளிலேயே சுத்தமான கை அது. அதன் மேல் எனக்கு உள்ள வெறுப்பு இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் பிரயாசைப்படவும் இல்லை.

பாளையங்கோட்டையில் விலங்கியல் முதுகலை முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஒப்பந்த வேலைதான். கொசுக்களைக் கண்காணிக்கும் ஒரு திட்டம். ஊரில் எங்கள் அலுவலகத்தைக் கொசு ஆபீஸ் என்பார்கள். திட்டம் முடிந்து ஆபீஸும் போய்விட்டது, அந்தக் கட்டடத்தில் இப்போது ஏதோ டியூஷன் நடக்கிறது. மருந்தடிப்பது, புகை போடுவதெல்லாம் எங்கள் வேலையல்ல. எந்த ஊரில் எந்தக் கொசு இருக்கிறது, இதுவரை இல்லாத இனம் ஏதாவது வந்து இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். அதற்குத்தான் அந்தக் கறுப்புக் கப்புகள். பாதிவரை தண்ணீர் ஊற்றி, உள்சுவரில் ஒரு துண்டுக் காடாத் துணியைச் சுற்றி, வீட்டில் நிழலான மூலையில் வைத்துவிட்டு வருவோம். பகலில் கடிக்கிற கொசு அந்த இருட்டைத் தேடி வந்து, தண்ணீருக்குச் சற்று மேலே ஈரத்துணியில் முட்டையிட்டுப் போகும். துணியை எடுத்துவந்து, முட்டையைப் பொரிக்கவைத்து, புழுவை வளர்த்து, கொசுவானதும் லென்ஸில் இனம் பார்ப்போம். இதற்கெல்லாம் தலைவர் அவர். எங்களுக்கு அவர் 'சார்'. வேறு எப்படியும் யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவருக்கு வேலை தெரியாது என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். தெரியும். நன்றாகவே தெரியும். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவை வாசலில் நின்றபடியே இன்னதென்று சொல்லிவிடுவார். நம் ஊர் டெங்குக் கொசுவின் முதுகில் யாழ் மாதிரி வளைந்த வெள்ளைக் கோடுகள் இருக்கும் என்பதையும், அதன் மலைக்காட்டு உறவுக்காரனுக்கு முதுகின் நடுவே ஒரே ஒரு நேர்க்கோடுதான் என்பதையும் எனக்கு லென்ஸில் காட்டிக்கொடுத்தது அவர்தான். "என் மேஜைக்கு வராத கொசு இந்த ஜில்லாவில கிடையாது" என்று அடிக்கடி சொல்வார். வேலையில் சேர்ந்த புதிதில் அவர் எடுத்த பாடம்கூட எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இந்த ஜாதிக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டினால் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வற்றிப்போனாலும் சாகாது, மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் என்றார். "காய்ஞ்சு கிடக்கும்மா, செத்துக் கிடக்காது. தண்ணி பட்டதும் கண்ணு முழிச்சிரும்." இதைச் சொன்ன அதே வாய்தான் அலசினாப் போதும் என்றும் சொன்னது. அதனால்தான் அவரை அறியாமல் செய்தவர் என்று சொல்லி விட்டுவிட என்னால் முடியவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் எங்களை மலைமேல் இருக்கும் தேயிலை எஸ்டேட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒற்றைக்கோட்டுக் கொசு மண்டிக் கிடந்தது. வெட்டிய மூங்கில் கணு, மரப்பொந்து, எறிந்துவிட்ட தேங்காய்ச் சிரட்டை, எதில் மழைத்தண்ணீர் நின்றாலும் அதுதான். கப்புகளை மரக்கிளையில் தொங்கவிட வேண்டியிருந்ததால் விளிம்பில் துளை போட்டுக் கம்பி வளையம் மாட்டினோம். மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, சாக்கில் கட்டி ஸ்டோர் அறையில் போட்டாயிற்று. மாசி பிறந்ததும் சென்னையிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அவர்கள் வரும்போது கீழே ஊருக்குள் பொறி வைத்திருப்பதைக் காட்ட வேண்டும். சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதுக் கப்புகள் கொஞ்சம்தான் இருந்தன. அப்போதுதான் அந்தச் சாக்கை அவிழ்த்தோம். துணியில் படாமல் கப்பிலேயே ஒட்டிய முட்டை இருக்கும், வெந்நீரில் போட்டு, நார் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதற்குத்தான் அந்தக் குழாயடி வித்தை. ஒரு முழுநாள் வேலை மிச்சமானது.

கல்லிடைக்குறிச்சியில் ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு தெருவில் கப்புகளை வைத்தோம். என்னோடு மேலப்பாளையத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் இருந்தார். களப்பணியாளர், எந்த வீட்டு வாசலிலும் நின்று பேசி உள்ளே போய்விடக்கூடியவர். அப்பளம் காயவைத்திருந்த வீட்டில் அப்பளத்தைப் புகழ்வார், பிள்ளை அழுத வீட்டில் பிள்ளையைத் தூக்குவார், வெளியே வரும்போது கப் உள்ளே இருக்கும். தெருக்கோடியில் வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு நாற்றுப்பண்ணை. அதன் சொந்தக்காரரை ஊரே செடி அண்ணாச்சி என்றது. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும் என்று அக்கா கேலி செய்வார். கேரளாவிலிருந்து லாரியில் பூச்செடிகள் வரவழைப்பார், பாதியைத் தானே பதியம் போட்டு எடுப்பார். தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளை ஒவ்வொரு நாளும் கவிழ்த்துத் துடைத்துவைக்கிற மனிதர். கொசுவுக்காக இல்லை, வேர் அழுகிவிடுமாம். எங்களைக் கண்டு முகம் சுளிக்காத ஒரே வீடு அது. "பைய வைங்க தாயி, அந்த ரோஜாவில முள்ளு கிடக்கு" என்று பாதை விலக்கிக்கொடுத்தார். போகும்போது ஆளுக்கு ஒரு பிச்சிக்கொடி தந்தார்.

கப்புகளை எடுக்கப் போனபோதே எனக்கு உறைத்தது. பண்ணையில் வைத்த சில கப்புகளில் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு முட்டைகூட இல்லை. ஆனால் தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன, அதுவும் நன்றாக வளர்ந்த புழுக்கள். கொசு வந்து முட்டையிட்டிருந்தால் துணியில் அல்லவா இருக்க வேண்டும்? புழு இருந்த கப் ஒவ்வொன்றின் விளிம்பிலும் கம்பி வளையம் இருந்தது. புதுக் கப் ஒன்றில்கூடப் புழு இல்லை. நானும் அக்காவும் அந்தப் பண்ணையில் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தோம், வாய்க்கால் ஓரத்துச் சிரட்டைகளைக்கூடப் புரட்டினோம். எதுவும் இல்லை. புழுக்களைக் கொண்டுவந்து வளர்த்தபோது முதுகில் ஒற்றைக்கோட்டோடு கொசுக்கள் எழும்பின. சமவெளியில் அதுவரை நாங்கள் பிடித்திராத இனம். சார் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வளையத்தைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதுமே கையமர்த்தினார். அன்று மதியமே ஜீப் கல்லிடைக்குறிச்சிக்குப் போனது. பண்ணைக்கு நடுவில் நின்று, தெருவே கூடி வேடிக்கை பார்க்க, செடி அண்ணாச்சியிடம் சார் சொன்னார்: "வே, இது உம்ம செடியோட வந்த சரக்கு. கேரளாவில இருந்து செடியை ஏத்திக்கிட்டு வாரீரு, கூடவே இதையும் ஏத்திக்கிட்டு வந்திருக்கீரு." அண்ணாச்சிக்கு முதலில் விளங்கவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "சார், நான் செடிதான் விக்கேன். கொசு வந்தா முதல்ல என்னையத்தான கடிக்கும்?" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "நீரு இந்த ஊருக்கே வியாதி வித்துக்கிட்டு இருக்கீருவே" என்றார். அந்த வார்த்தையை அவர் சொன்ன விதம், சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கட்டும் என்று குரலை ஒரு படி ஏற்றிக்கொண்ட விதம், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் அங்கேயே, "சார், அது நம்ம கப்புல இருந்து வந்தது" என்றேன். "ஜீப்புல ஏறும்மா" என்றார்.

நிரூபித்துக் காட்டினால் மனுஷன் ஒத்துக்கொள்வார் என்று அப்போது நம்பினேன். இருபத்துச் சொச்சம் வயதில் அப்படித்தான் தோன்றும். ஸ்டோரில் ஊருக்குள் போகாமல் மிஞ்சிக் கிடந்த வளையக் கப்புகளை எடுத்தேன். அவர் காட்டிய மாதிரியே வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று அலசினேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஊற்றி, வாயை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி, ஆபீஸ் அறை ஜன்னலில் எல்லாரும் பார்க்க வைத்தேன். சில நாளில் புழுக்கள் நெளியத் தொடங்கிவிட்டன. வளரவிட்டு, அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சார் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். துணிக்கு அடியில் ஒற்றைக்கோட்டுக் கொசு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிறகு எழுந்தார். துணியோடு சேர்த்துக் கொசுவை நசுக்கினார். கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போய் வாஷ்பேசினில் கவிழ்த்தார்.

"ஜன்னல் வழியா வந்து போட்டிருக்கும்" என்றார்.

"துணி கட்டியிருக்கே சார்."

"துணியில ஓட்டை இருக்கும்." கைக்குட்டையை எடுத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "உங்க காலேஜ்ல இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களோ? மேலதிகாரிக்குக் கண்ணி வைக்கது?"

வெளியே வந்ததும் அக்கா, "ஏ புள்ள, தெரியாம செய்யுறவன மன்னிக்கலாம். இந்த மனுசன் தெரிஞ்சுல்லா செய்யுதாரு" என்றார். அவருக்கு அந்தச் சம்பளத்தில்தான் வீடு. ஆனாலும் அன்று சாயங்காலம் என்னோடு கல்லிடைக்குறிச்சிக்கு பஸ் ஏறினார்.

அதற்குள் பண்ணை காலியாகிவிட்டது. சார் சொன்னதைக் கேட்டுப் பேரூராட்சி ஆட்கள் டிராக்டரை விட்டுத் தொட்டிகளை அள்ளியிருந்தார்கள், அள்ள முடியாததை உடைத்திருந்தார்கள். தட்டுகளில் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். புகை போட்ட நாற்றம் அடித்தது. அண்ணாச்சி உடைந்த தொட்டிகளுக்கு நடுவே வேரோடு கிடந்த கன்றுகளைச் சாக்குத்துணியில் சுருட்டிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கப், வளையம், ஜன்னல், வாஷ்பேசின். முழுவதும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "தாயி, எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? செடி போனா மறுபடி வச்சுக்கிடுவேன். எம் பேரு போச்சே. இந்தத் தெருவில சொல்லுவியளா?" என்றார்.

சொன்னோம். வீடு வீடாக ஏறிச் சொன்னோம். அப்பளக்கார அம்மா ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு ஜீப்புல வந்து அவருதான்னு சொன்னீய. இன்னைக்கு நடந்து வந்து அவரு இல்லங்கிய. நாங்க எதை நம்ப?" என்றார். அடுத்த வீட்டுக்கு நடந்தோம். சென்னைக்கு எழுதிப் போட்டேன். நம் நிர்வாகத்தின் அழகு, யார்மேல் புகாரோ அவருக்கே அதை விளக்கம் கேட்டு அனுப்பிவிடுவது. என் மேஜைக்கு வராத கொசு கிடையாது என்பாரே, என் புகாரும் அங்கேயே வந்து சேர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தபோது எனக்கு நீட்டிப்பு வரவில்லை. அக்காவைத் தூரத்து ஊருக்குப் போட்டார். சார் அந்த வருஷமே 'சமவெளியில் முதல்முறையாகப் புதிய இனத்தைக் கண்டறிந்ததற்காக' மேடையில் சால்வை வாங்கினார்.

எங்கள் பக்கத்தில் பட்டப்பேர் வைப்பதற்கு யாருக்கும் யோசனை தேவையில்லை. ஒருநாள் எவனோ ஒருவன் டீக்கடையில் சொல்லுவான், மறுநாள் ஊர் சொல்லும், அப்புறம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கூட அதைச் சொல்லித்தான் வீடு விசாரிப்பார். மழைக்காலம் வந்ததும் அந்தத் தெருவில் நாலைந்து பேருக்குக் காய்ச்சல் வந்தது. எல்லா வருஷமும் வருகிற காய்ச்சல்தான். அந்த வருஷம் மட்டும் அதற்கு ஒரு முகவரி இருந்தது. செடி அண்ணாச்சி கொசு அண்ணாச்சி ஆனார். பள்ளிக்கூடத்தில் அவர் மகளைப் பார்த்து 'ஙொய்' என்று சத்தம் போட்டார்களாம். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பை அம்பாசமுத்திரத்தில் போய்ப் படித்தது. அவர் அதே வாய்க்கால் கரையில் மறுபடியும் சின்னதாகக் கடை போட்டார், போர்டில் 'செடி அண்ணாச்சி நாற்றுப்பண்ணை' என்று பெரிதாக எழுதிவைத்தார் என்று அக்கா சொன்னார். போர்டைப் படித்துவிட்டு உள்ளே போய், "கொசு அண்ணாச்சி இல்லையா?" என்று கேட்டார்களாம்.

நான் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒற்றைக்கோட்டுக் கொசு இன்று ஆழ்வார்திருநகரி வரைக்கும் கிடைக்கிறது. மாணவிகளே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் அலசிய கப்பிலிருந்து தப்பியவற்றின் சந்ததியா, தானாகவே மலையிறங்கி வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கண்டுபிடித்தவர் பெயர் கேட்டால் மட்டும் ஒரு பெயர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் முழங்கையால் இடிப்பார். எனக்குச் செய்ததை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன், வேலை போனால் வேறு வேலை. அண்ணாச்சிக்குச் செய்ததை மன்னிக்க நான் யார்?

சாரைக் கடைசியாகப் பார்த்தது போன தை மாதம், பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில். ஓய்வுபெற்று நாளாகிவிட்டது, ஆனால் சட்டை அதே வெள்ளை, மடிப்புக் கலையாமல். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார், "நல்லா இருக்கியாம்மா, இப்ப டாக்டரேட்டா?" என்றுகூடக் கேட்டார். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவும் இடத்தில் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை வருஷமாக மனசுக்குள் நான் பேசிவைத்திருந்தது எவ்வளவோ. ஒன்றுதான் சொன்னேன். "சார், அந்தச் செடி அண்ணாச்சிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எந்தச் செடிக்காரன்?" என்றார்.

நடிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. கல்லிடைக்குறிச்சி, வாய்க்கால் கரை, பண்ணை என்று எடுத்துக்கொடுத்தேன். நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்துவிட்டு, "எத்தனையோ இடம் போயிருக்கோம்மா" என்றார். தெரிந்தே செய்தார் என்று இத்தனை வருஷம் வெறுத்தேன். தெரிந்து செய்ததை மறந்தும்விட்டார் என்பதை அன்றைக்குப் புதிதாகச் சேர்த்துக்கொண்டேன்.

இந்த மாதம் கல்லூரியில் மரக்கன்று நடும் விழா. கன்றுகளை எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள். வேறு யாரையும் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அக்காவிடம் நம்பர் வாங்கினேன். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். முதல் வார்த்தையே செடி அண்ணாச்சியா என்றுதான் இருக்க வேண்டும், அவரை அந்தப் பெயரால் கூப்பிட இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பின்னால் வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"அலோ, கொசு அண்ணாச்சிதான் பேசுதேன். சொல்லுங்க, என்ன செடி வேணும்?"